குளிர் புகாத கார்

லெஸ்லி ஹாலம் அந்தக் காரை வாங்கியது ஜூன் மாதத்தில். அதனால்தான் வாங்கினான் என்பாள் அவன் மனைவி நோரீன். "டிசம்பர்ல போய்ப் பாத்திருந்தா, தொட்டுக்கூடப் பாத்திருக்க மாட்டான்."

இரண்டே பேர் உட்காரக்கூடிய குட்டி ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம். என் இடுப்பு உயரம்கூட இருக்காது. கூரை என்ற பெயரில் ஒரு துணி, கதவு என்ற பெயரில் ஒரு தகரம். எங்கள் ஊரோ டெர்பிஷயர் மலைமேல் இருப்பது. மழை பெய்யாத நாளில் காற்று அடிக்கும். காற்று அடிக்காத நாளில் இரண்டும் சேர்ந்து வரத் தயாராகிக்கொண்டிருக்கும்.

சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போகும் சாலையில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. லெஸ் அந்தக் குவாரியின் எடைமேடையில் லாரிகளை எடைபோடும் வேலை செய்தான். நாற்பத்திரண்டு வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டான். நோரீன் மருந்துக் கடையில் விற்பனைக்கு நின்றவள். பிள்ளைகள் இல்லை. அவள் அவனைக் கிண்டல் செய்வாள், அவன் சிரிப்பான். அவர்கள் குடும்பம் அப்படியே ஓடியது.

நோரீனுக்குக் குளிர்காற்று பட்டால் காதுக்குள் ஊசி ஏற்றியது போல வலிக்கும். முதுகும் சரியில்லை. அந்தக் காரில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கம்பளிக்குள் சுருண்டு போய்வந்தவள், அடுத்த வருடம் இனி அதில் ஏறமாட்டேன் என்று கையை விரித்துவிட்டாள். ஸ்கார்பரோவில் கடலோரமாக வாடகை அறைகள் நடத்தும் அவளுடைய அக்கா மேவிஸைப் பார்க்க மாதம் ஒருமுறை போவாள். அதற்கு ஒரு பஸ், இரண்டு ரயில். ஒருமுறை லெஸ் தனியாகக் காரில் கிளம்ப, அவள் தனியாக ரயிலில் கிளம்ப, இருவரும் மேவிஸ் வீட்டு வாசலில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள். இதை எங்கள் ஊர் மதுக்கடையில் ஒரு வருடம் சொல்லிச் சிரித்தார்கள். லெஸ்ஸும் கூடவே சிரித்தான். ஆனால் அவனுக்கு அது உறைத்திருக்கிறது.

எழுபத்திரண்டாம் வருடம் செப்டம்பரில் காரைப் பட்டறைக்கு ஓட்டிவந்தான்.

"ராய், இத ரெண்டு விதத்துல மாத்தணும். மேட்டுல கல் லாரி பின்னால நாலு மைல் உருண்டுக்கிட்டே போறேன்டா. முந்த முடியல. பிக்கப் வேணும். அப்புறம், உள்ள நோரீன் வீட்ல உக்காந்த மாதிரி உக்காரணும்."

"ரெண்டும் ஒண்ணா வராதுடா. ஓடணும்னா எடையக் குறைக்கணும். சொகுசு வேணும்னா எடை ஏறும்."

"முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்குப் பொண்டாட்டி இருக்கா. உன்கிட்ட எதுக்கு வர்றேன்?"

வேலையைப் பிரித்துக்கொண்டோம். என்ஜின் என்னுடையது. உள்பக்கம் அவனுடையது.

நான் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தைச் சீவினேன். பெரிய கார்புரேட்டர் இரண்டு வைத்தேன். என்ஜினின் புகையை வாங்கிச் சைலன்சருக்கு இறக்கும் வார்ப்பிரும்பு மேனிபோல்ட்டை எடுத்துவிட்டு, பந்தயக் கார்களுக்குப் போடும் குழாய் மேனிபோல்ட்டை மாட்டினேன். புகை தடையில்லாமல் வெளியேறினால் என்ஜின் மூச்சுவிட்டு இழுக்கும். அந்த மாதிரிக் குழாய்களில் ஒரே ஒரு தொல்லை. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதைப் பிடித்திருக்கும் நட்டுகள் தளரும். முதல் இருநூறு மைலில் மறுபடி இறுக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

இன்னொன்றும் செய்தேன். முன் கிரில்லிலிருந்து ஹீட்டருக்கு வெளிக்காற்றைக் கொண்டுபோக, முழங்கை பருமனில் ஒரு குழாய் பானட்டுக்குள் இருந்தது. புதிய கார்புரேட்டர்களின் காற்று வடிகட்டிக்கு அது இடைஞ்சல். கழற்றி எறிந்தேன். இனி ஹீட்டர் பானட்டுக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக்கொள்ளும். "அதுவும் நல்லதுதான். சூடான காத்தையே இழுக்கும், சீக்கிரமா சூடாகும்" என்றேன். லெஸ் என் முதுகில் தட்டினான். அப்படிக் கழற்றியவன் நான் ஒருவன் மட்டும் அல்ல. பலரும் செய்தார்கள். காற்று ஆயிரம் வழியில் புகுந்து வெளியேறும் துணிக்கூரைக் காரில் அதனால் ஒன்றும் ஆவதில்லை.

லெஸ் தன் கொட்டகையில் செய்த வேலையைப் பார்க்க ஒருநாள் போயிருந்தேன். நோரீனைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் முதுகு வளைவை அட்டையில் வெட்டி எடுத்திருந்தான். அந்த அளவுக்கு ஸ்பான்ஜ் செதுக்கி இருக்கை தைத்திருந்தான். தரையில் கனத்த கம்பளம், அதன்கீழ் இரண்டு அடுக்கு கனத்த கம்பளித்துணி. துணிக்கூரைக்குப் பதில் பழைய கெட்டிக்கூரை ஒன்று. கதவு ஓரங்களில் ரப்பர் பட்டை. தரையில், பின்பக்கத்தில், கண்ணில் பட்ட ஓட்டையெல்லாம் அடைத்திருந்தான். மூக்கைத் துளைக்கும் பசை நாற்றம்.

"தீக்குச்சி கொளுத்திப் பாத்துட்டேன்டா. கதவோரமா வச்சா சுடர் ஆடவே இல்ல" என்றான். அவ்வளவு பெருமை முகத்தில்.

அதே பெருமையில் நானும் இருந்தேன். அதை மறைக்க முடியாது.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிறு நோரீனை முதன்முதலாக வெளியே அழைத்துப்போனான். திரும்பும் வழியில் என் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். நோரீன் கண்ணாடியை இறக்கி இரண்டு கைகளையும் வெளியே நீட்டிக் காட்டினாள்.

"பாருங்க ராய், கையுறை இல்ல. ஜனவரியில குளிக்கிற டிரெஸ்ஸ போட்டுக்கிட்டு உக்காரலாம் போல."

"அப்போ காரை மன்னிச்சாச்சா?"

"காரை மன்னிச்சேன். இவனுக்கு இன்னும் யோசிச்சு சொல்றேன்."

மேட்டில் ஒரு லாரியை எப்படி முந்தினான் என்பதை லெஸ் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். நோரீன் நெற்றியோரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

டிசம்பர் முதல் வாரம், வியாழக்கிழமை மதியம் லெஸ் பட்டறைக்கு வந்தான். நான் குவாரி லாரி ஒன்றின் கியர்பாக்ஸை இறக்கிப் போட்டு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். மாலைக்குள் முடித்துத் தர வேண்டும் என்று குவாரி மேலாளர் இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தார். லெஸ்ஸின் காலணிகள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன.

"இருநூத்தம்பது மைல் ஆச்சு ராய். நட்டு இறுக்கணும்னு சொன்னியே."

"இப்ப முடியாதுடா. பாக்குறியே."

"ஞாயித்துக்கெழம ஸ்கார்பரோ போறோம். நோரீன் கார்லயே வர்றேன்னுட்டா."

"அட, பெரிய வெற்றிதான்."

"ஒண்ணு கேக்கணும். அவளுக்கு ரெண்டு தடவையா தலை வலிக்குது. போன வாரம் கொமட்டலாவும் இருந்துச்சு. கார்ல இருக்கும்போது மட்டும்."

"எவ்வளவு பசை ஊத்துன?"

"மூணு டப்பா."

"அப்புறம் தலை வலிக்காம? பசை காயிற வரைக்கும் அப்படித்தான். போயிரும்."

"அப்ப நட்டு?"

"அடுத்த வாரம் கொண்டா. அது எங்கயும் ஓடிப்போயிடாது."

"சரிடா" என்றான். காலணிகள் திரும்பிப் போயின. கார் கிளம்பும் சத்தம் கேட்டது. முன்பு இல்லாத ஒரு மெல்லிய 'டிக் டிக்' சத்தமும் அதில் இருந்தது. தளர்ந்த மேனிபோல்ட் போடும் சத்தம் அது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். லாரிக்கு அடியில் படுத்திருந்த எனக்கு அது கேட்டது. கியர்பாக்ஸ் போல்ட் ஒன்று திருகிக்கொண்டு வர மறுத்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு நடந்ததை லெஸ் ஒருமுறையும் மேவிஸ் ஒருமுறையும் எனக்குச் சொன்னார்கள்.

காலை ஒன்பதுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கடும் பனி. ஹீட்டரை முழுக்கத் திருப்பி வைத்தான் லெஸ். அவன் பைப்பில் புகையிலை பிடிப்பவன். அந்தப் புகை வெளியேற, நோரீனுக்குக் குளிராதபடி, தன் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரற்கடை மட்டும் இறக்கியிருந்தான். முதல் ஒரு மணி நேரம் அவள் பேசிக்கொண்டு வந்தாள். மேவிஸ் இன்று ஆட்டிறைச்சி வைப்பாளா பன்றியிறைச்சியா என்று இருவரும் பந்தயம் கட்டினார்கள். பிறகு தலை கனமாக இருக்கிறது என்றாள். "பசைதானாம், ராய் சொன்னான்" என்றான் லெஸ். யார்க் நகரம் தாண்டுமுன் அவள் தூங்கிவிட்டாள்.

"இத்தன வருஷத்துல அந்தக் கார்ல அவ தூங்கினதே இல்லடா" என்றான் என்னிடம். "எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. மால்டன்ல டீ குடிக்க நிறுத்துறதா பேச்சு. நிறுத்தினா முழிச்சிருவாளேன்னு நிறுத்தாமலே போனேன். பள்ளத்துலயெல்லாம் மெதுவா எறக்கி ஏத்தினேன். ரெண்டு கன்னமும் செவந்து, கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரி இருந்தா."

அவனுக்கே தலை பிளந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு முறை சாலையோரப் புல்லில் சக்கரம் இறங்கியிருக்கிறது. சரியாகத் தூங்காததால் என்று நினைத்திருக்கிறான்.

பன்னிரண்டரைக்கு மேவிஸ் வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஏப்ரனோடு வெளியே வந்த மேவிஸ், லெஸ் காரிலிருந்து இறங்கித் தெருவில் வாந்தி எடுப்பதைப் பார்த்தாள். காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்து அவனை ஒரு வார்த்தை திட்டினாள். பிறகு இந்தப் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏ நோரீன்! எந்திரிடி. கறி ஆறிப்போகுது."

இரண்டு முறை தட்டினாள். கதவைத் திறந்தாள். உள்ளிருந்து அடுப்படி போல வெதுவெதுப்பாகக் காற்று முகத்தில் அடித்ததாம். நோரீன் அப்படியே அவள் ஏப்ரன்மேல் சாய்ந்தாள்.

மரண விசாரணை ஜனவரியில் ஸ்கார்பரோவில் நடந்தது. காரைப் பிரித்துப் பார்த்த நிபுணர், மேனிபோல்ட்டின் நட்டுகளில் மூன்று கையால் திருகும் அளவு தளர்ந்திருந்தன என்றார். இடையில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் தீய்ந்து, அந்த இடத்தில் கரி படிந்திருந்தது. அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில் ஹீட்டரின் வாய். கசிந்த புகையை அது இழுத்து உள்ளே தள்ளியது. அந்தப் புகையில் இருக்கும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது; கன்னத்தைச் சிவக்கவைப்பதும் அதுதான். லெஸ் பக்கத்துக் கண்ணாடியின் அந்த விரற்கடை இடுக்கைத் தவிர, உள்ளே வந்த புகைக்கு வெளியேற வழியில்லை. இவ்வளவு நேர்த்தியாக அடைக்கப்பட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பது போலக் காகிதங்களை அடுக்கினார்.

லெஸ்ஸை முதலில் கூப்பிட்டார்கள்.

"நட்டுகளை மறுபடி இறுக்கணும்னு பட்டறைக்காரர் உங்ககிட்ட சொன்னாரா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"சொன்னார்."

"கொண்டு போனீங்களா?"

"இல்ல. மறந்துட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"உங்க மனைவி அதுக்கு முன்னாடி தலைவலி, மயக்கம் ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா. நான் யார்கிட்டயும் சொல்லல. பசை வாசனைன்னு நானே நெனச்சுக்கிட்டேன்."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்வதாகப் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

"இருநூறு மைலில் கொண்டுவரச் சொன்னீங்களா?"

"சொன்னேங்க."

"எப்போ?"

"காரைக் கொடுத்த அன்னிக்கு."

அவ்வளவுதான் கேட்டார். நான் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. வெளிக்காற்றுக் குழாயைக் கழற்றியதற்காக என்னைக் கண்டித்தார். விபத்து மரணம் என்று தீர்ப்பு எழுதினார். "எச்சரிக்கையை அலட்சியம் செய்ததன் விலை இது, திரு. ஹாலம் அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகிறார்" என்று கடைசியில் ஒரு வரி சொன்னார். அது பத்திரிகையில் வந்தது.

வெளியே, கடற்காற்றில், லெஸ்ஸின் கோட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன்டா அப்படிச் சொன்ன? நீ வந்தியே. நான்தான திருப்பி அனுப்பினேன்."

"விடு."

"எப்படிடா விடுறது?"

"அவளுக்காக நான் ஆசையா ஒண்ணு செஞ்சேன். அது அவளக் கொன்னுருச்சு. அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. அதுல வந்து பங்கு கேக்காத."

கோட்டை விடுவித்துக்கொண்டு போய்விட்டான். வாசலில் மேவிஸ் அவனைக் கடந்து போனாள். அவனைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நோரீனை ஸ்கார்பரோவிலேயே அவளுடைய அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தபோது, லெஸ்ஸைக் குடும்பத்தோடு நிற்கவிடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மதில் ஓரமாகத் தனியாக நின்றானாம்.

நான் ஊருக்கு வந்து வேலையைப் பார்த்தேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். லெஸ்ஸும் எடைமேடையில் வேலையைப் பார்த்தான். மதுக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் இல்லாத இடத்தில் அவனைப் பேசினார்கள். பொண்டாட்டி உயிருக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவன் என்றார்கள். என் காதில் விழத்தான் பேசினார்கள், எனக்கு ஆறுதலாக.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் பிரேக் பார்க்க வந்த ஒரு பள்ளி ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மனச அலட்டிக்காதீங்க ராய். நீங்க சொல்லத்தான செஞ்சீங்க. சொன்னதக் கேட்டிருந்தா அந்தப் பொண்ணு இன்னிக்கு உயிரோட இருந்திருக்கும்."

"ஆமா" என்றேன்.

என் வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. மறுநாள் காலை பட்டறையைத் திறக்காமல் ஸ்கார்பரோவுக்குப் போனேன்.

மேவிஸ் ஏதோ அறைக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. வியாழக்கிழமை மதியம் நடந்ததை நின்றுகொண்டே சொன்னேன். தலைவலியைப் பற்றி அவன் கேட்டது, நான் பசை என்றது, அந்த 'டிக் டிக்' சத்தம், எல்லாவற்றையும். அவள் தலையணையை உறைக்குள் திணித்துக்கொண்டே கேட்டாள். முடித்தபோது அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"நாலு மாசமா ஒருத்தனை வெறுத்துக்கிட்டு கெடக்கேன். அதுக்கே எனக்குத் தெம்பு பத்தல. இப்ப ரெண்டாவது ஆளா நீங்க வந்து நிக்கிறீங்க."

"லெஸ் மேல தப்பு இல்லன்னு சொல்லத்தான் வந்தேன்."

"எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தூக்கம் வரல. அதுக்கு வந்தீங்க." எழுந்து, நசுங்கிய தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். "இத அந்த அதிகாரிக்கு எழுதிக் கொடுங்க. என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா, நான்ல சொமக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து என் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆறு வாரம் கழித்து, விசாரணையை மறுபடி திறக்கப் போதிய காரணம் இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. ஆனால் ஊருக்குக் கடிதம் எதுவும் தேவைப்படவில்லை. பாதிப் பேர் தங்கள் வண்டிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அது நியாயம்தான்.

நியாயமாக எனக்குத் தோன்றாதது லெஸ் வந்ததுதான். பட்டறைக்கு நடுவில் வந்து நின்றான். மிகவும் இளைத்திருந்தான். அவன் சத்தம் போட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"லெஸ், ஊரே உன்னப் பேசுது. நான் சும்மா கேட்டுக்கிட்டு நிக்கவா?"

"பேசட்டும்! நான் கேட்டேனா உன்கிட்ட? இப்ப எல்லாவனும் வந்து, 'உன் தப்பு இல்ல லெஸ்'ங்கிறான். கடைக்காரன் சொல்றான். பாதிரியார் சொல்றாரு. என் தப்பு இல்லன்னா அவ எதுக்குடா செத்தா? ஒரு நட்டுக்கா?"

பெஞ்சில் கிடந்த ஸ்பேனர் ஒன்றை எடுத்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன்; அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அதைக் கையில் ஒருமுறை திருப்பிப் பார்த்தான். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனான். அதுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது.

காரை அவன் திரும்பக் கேட்கவில்லை. போலீஸ் நிலையத்தின் பின்புறம் ஒரு வருடம் நனைந்துவிட்டு அது பழைய இரும்புக்குப் போனது. கோடையில் வீட்டை விற்றுவிட்டு லெஸ் ஸ்கார்பரோவுக்கே குடிபோனான். அங்கே துறைமுகத்தில் மீன் பெட்டிகளை எடைபோடும் வேலை.

மேவிஸ் வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறாள். ஏன் அனுப்புகிறாள் என்று நான் கேட்டதில்லை. முதல் இரண்டு வருடமும் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. மூன்றாவது வருட அட்டையில் நீல மசியில் நான்கு வரி எழுதியிருந்தாள்:

"லெஸ் ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறான். நானாகக் கூப்பிடவில்லை, வந்து வாசலில் நின்றான், தட்டு வைத்தேன். நிறையச் சாப்பிடுவதில்லை. உங்கள் பெயரை ஒருமுறை எடுத்தேன், எழுந்து போய்விட்டான். மறு ஞாயிறு வந்தான், நான் மறுபடி எடுக்கவில்லை."

என் மனைவி அதை மற்ற அட்டைகளோடு சேர்த்துக் கணப்பின் மேல் வைக்கப்போனாள். வேண்டாம் என்று வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.